துண்டு வெட்டிய பின்னர்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இளைஞர் சார்பிலே ஓர் உரை வேண்டுமெனச் செயலாளர் கேட்டபோது, "இளைஞர் கடமை" என்றோ "கல்வியும் ஒழுக்கமும்" என்றோ ஒரு தலைப்பை அவர் எதிர்பார்த்திருப்பார். அத்தகைய பேச்சுக்கள் இம்மேடையிலே குறைவின்றி நிகழ்ந்துள்ளன; அவற்றை எம்மிலும் நன்றாகப் பேசவல்ல பெரியோர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றனர். ஆகவே பல்கலைக்கழகத்திலே புள்ளிவிபரம் படிக்கும் நாம், நமக்குச் சிறிது பழக்கமான அளவைத் தொழிலைக் கொண்டு, எல்லார் வீட்டிலும் உள்ள ஒரு காகிதத் துண்டைப் பற்றிப் பேசத் துணிந்தோம்.

ஆஸ்பத்திரியிலே படுத்திருந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது, "துண்டு வெட்டியாயிற்று" என்று நம்மவர் சொல்வார்கள். அச்சொல்லைக் கேட்டதும் கூட நின்றவரின் முகம் மலர்கிறது. வாகனம் பேசப்படுகிறது, பாய் சுருட்டப்படுகிறது, மிஞ்சிய தோடம்பழங்கள் பக்கத்துக் கட்டிற்காரருக்குக் கொடுக்கப்படுகின்றன. நோயாளர் வாசலைக் கடந்ததும் பதிவேட்டிலே அவர் கணக்கு முடிகிறது. ஆண்டிறுதியிலே, இத்தனை பேர் அனுமதிக்கப்பட்டனர், இத்தனை பேர் வெளியேறினர், இத்தனை பேர் இறந்தனர் என்று அறிக்கை வரும். அதிலே பொய் ஒன்றுமில்லை. ஆனால் வெளியேறினவருக்கு அடுத்த வாரம் என்ன நேர்ந்தது, அடுத்த மாதம் என்ன நேர்ந்தது என்று கேட்பவருக்கு அவ்வறிக்கை வாய் திறவாது.

ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவது, தம் வீட்டிலே தம் அலுவலை மீண்டும் தாமே பார்ப்பதற்காகவே. அப்படியாயின், அங்கு நடந்த வேலை நன்றோ தீதோ என்பதை வாசற்படியிலே நின்று அளக்க இயலுமா? வீட்டுக்குச் சென்றன்றோ அளக்க வேண்டும்?

இதனை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பிடிவாதமாக எடுத்துரைத்து, அதனாலே பதவியையும் நண்பர் பலரையும் இழந்த ஒரு வைத்தியர் இருந்தார். அவர் பெயர் ஏர்ணஸ்ற் அமோறி கொட்மன். அமெரிக்காவிலே, மசாச்சுசெற்ஸ் மாநிலத்துப் பொஸ்ரன் நகரிலே 1869 ஆம் ஆண்டு பிறந்தவர். அம்மாநிலத்தின் பெயர் யாழ்ப்பாணத்தாருக்கு முற்றிலும் புதியதன்று. 1847 இல் இங்கு வந்து, மானிப்பாயிலே வைத்தியசாலை நிறுவி, மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழிலே வைத்திய நூல்களையும் ஆக்கிய டொக்டர் சாமுவேல் கிறீன் அம்மாநிலத்தவரே. மிஷன் பாடசாலையிலே படித்த எமக்குச் சிறு வயது முதலே பழகிய பெயர் அது. சமய விடயத்திலே மிஷனரிமாரோடு நம் முன்னோர் வாதிட்டனர். அது வேறு கதை. நோயாளருக்கு விளங்கும் மொழியிலே வைத்தியம் நடக்க வேண்டுமென்ற கிறீனின் கொள்கையை மட்டும் சற்று நினைவில் வைத்திருங்கள். அதற்கு இவ்வுரையிலே பின்னர் வேலை உண்டு.

கொட்மன் சத்திர வைத்தியர். மாணவராய் இருந்தபோதே, தம் தோழர் ஹார்வி குஷிங்குடன் சேர்ந்து, மயக்கமருந்து கொடுக்கையிலே நோயாளரின் நாடித்துடிப்பைத் தாளிலே குறித்துவைக்கத் தொடங்கியவர். எதையும் எழுதிவைத்தாலன்றி அவருக்கு நித்திரை வராது போலும். மசாச்சுசெற்ஸ் பொது வைத்தியசாலையிலே பணியாற்றியபோது, ஒவ்வொரு நோயாளருக்கும் ஓர் அட்டை வைத்தார். வந்தபோது இருந்த குறை யாது, வைத்தியர் கருதிய நோய் யாது, செய்த சிகிச்சை யாது, வீடு செல்லும்போது நிலை யாது என்பன அதிலே எழுதப்பட்டன. இதுவரையிலே புதுமை ஒன்றுமில்லை. ஓராண்டு சென்றபின் அந்நோயாளரை மீண்டும் வரவழைத்தோ விசாரித்தோ, இப்போது எப்படி இருக்கிறார் என்று அதே அட்டையிலே எழுதினார். சுகப்படாதிருப்பின், ஏன் சுகப்படவில்லை என்றும் எழுதினார். வைத்தியரின் அறிவுக் குறையா, கைத்திறக் குறையா, தீர்ப்பிலே பிழையா, கவனிப்பிலே குறையா, நோயறிவதிலே தவறா, அன்றி மனிதரால் வெல்லவியலாத நோயா, நோயாளரே சிகிச்சையை மறுத்தாரா என்று பகுத்து எழுதினார்.

இந்தக் கடைசிக் கேள்விதான் முள்ளாயிற்று. "ஏன்" என்று கேட்கத் தொடங்கினால், விடை சிலவேளை பெரிய பெயருள்ள ஒருவரின் கதிரைக்கடியிலே போய் நிற்கும். மூப்பு வரிசைப்படி பதவி கொடுப்பதை விட்டு, நோயாளர் அடைந்த முடிவைக் கொண்டு பதவி கொடுங்கள் என்று அவர் கேட்டார், வைத்தியசாலை இணங்கவில்லை. 1914 இல் அவர் விலகினார். அதற்கு முன்னரே, 1911 இல், தாமே ஒரு சிறிய வைத்தியசாலையைத் தொடங்கியிருந்தார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வெளியேறிய 337 நோயாளர்களின் முடிவுகளையும் அச்சிட்டு வெளியிட்டார். அவற்றிலே 123 தவறுகளைத் தாமே எண்ணிக் காட்டியிருந்தார். கடைக்காரர் ஒருவர் தம் தராசின் கள்ளத்தைத் தாமே பலகையிலே எழுதித் தொங்கவிட்டதை ஒத்தது இது. நாம் அறிந்த மட்டிலே, பக்கத்துக் கடைக்காரர் எவரும் அவரைப் பின்பற்றி ஓடிவரவில்லை.

1915 ஆம் ஆண்டு சனவரியிலே பொஸ்ரனிலே வைத்தியர்களின் கூட்டமொன்று. நகரபிதாவும் வந்திருந்தார். கொட்மன் பெரியதொரு கேலிச்சித்திரத்தைத் திறந்து காட்டினார். தலையை மண்ணுக்குள் புதைத்த ஒரு தீக்கோழி, பின்னங்காலாலே பொன் முட்டைகளை வைத்தியர்பக்கம் உதைத்துத் தள்ளுகிறது. தீக்கோழி பொஸ்ரனின் செல்வர் வாழும் பகுதியைக் குறிக்கும். நோயாளருக்கு உண்மையிலே குணம் கிடைக்கிறதா என்று பார்த்தால் முட்டை வருவது நின்றுவிடுமோ என்று வைத்தியர்களும் பல்கலைக்கழகத்தாரும் யோசிக்கின்றனர். சபை கொந்தளித்தது. சத்திர வைத்தியர் பிரிவின் தலைமையையும், ஹாவார்ட்டிலே கற்பிக்கும் பதவியையும் அவர் இழந்தார். பூனை கண்ணை மூடினாற் பூலோகம் இருண்டு விடுமோ என்று நாம் கேட்பதுண்டு. கண்ணைத் திறவென்று சொன்னவருக்குக் கிடைத்த மரியாதை இது. அவர் அந்தப் படத்தைக் காட்டாமல் விட்டிருந்தால் காரியம் சிறிது கூடுதலாய் நடந்திருக்கலாம் என்பது எமது அபிப்பிராயம். உண்மையைச் சொல்பவர் கேலியையும் கூட்டிச் சொன்னால், கேட்பவர் கேலியைப் பற்றிக்கொண்டு உண்மையை விட்டுவிடுகின்றனர்.

ஆயினும் விதை விழுந்துவிட்டது. அவர் ஆக்க உதவிய அமெரிக்கச் சத்திர வைத்தியர் கல்லூரி, 100 கட்டிலும் அதற்கு மேலும் உள்ள 692 வைத்தியசாலைகளைச் சோதித்தது. மிகச் சாதாரணமான தரத்தைக்கூட எட்டியவை 89 மாத்திரமே. 1919 இல் நியூயோர்க் நகரத்து ஹொட்டல் ஒன்றிலே அவ்விபரம் அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு, பெயர்ப்பட்டியலை இரவோடிரவாக அந்த ஹொட்டலின் உலையிலே போட்டு எரித்துவிட்டனர். பட்டியலிலே பேர்போன வைத்தியசாலைகள் பல இருந்தமையே காரணம். அந்தச் சோதனை மரபிலிருந்துதான் 1951 இல் அமெரிக்க வைத்தியசாலைகளின் தரத்தைப் பார்க்கும் பொதுச்சபை தோன்றிற்று. கொட்மன் 1940 இல் காலமானார். கல்லறைக்கல் இல்லாமலே கிடந்த அவரது இடத்துக்கு 2014 இலேதான் கல் நாட்டினர்.

இனி அளவைக்கு வருவோம். வீடு சென்றவரைத் தொடர்ந்து பார்த்து அளப்பதிலே ஒரு பெருங் கண்ணி உண்டு. ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்யுங்கள். 100 பேர் துண்டு வெட்டி அனுப்பப்பட்டனர். ஒரு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தோர் 60 பேர். அவர்களிலே 54 பேர் சுகமாயிருக்கின்றனர். "வந்தவர்களிலே 100 க்கு 90 பேர் சுகம்" என்று ஒருவர் மகிழ்ச்சியோடு எழுதலாம், கணக்குப் பிழையன்று. ஆனால் வராத 40 பேரும் எங்கே? பஸ்ஸுக்குக் காசில்லாதவர், கூட்டிவர ஆளில்லாதவர், நடக்க முடியாதவர், உயிரோடு இல்லாதவர் எல்லாரும் அந்த நாற்பதிலேதான் இருப்பர். அனுப்பிய 100 பேரையும் கீழே வைத்து வகுத்தால், சுகமென்று நாம் நிச்சயமாய்ச் சொல்லக்கூடியவர் 54 பேரே. இரண்டு எண்களுக்கும் இடையிலே கிடக்கும் தூரத்திலேதான் ஏழைகள் இருக்கின்றனர்.

சயரோகத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்கள் இக்கண்ணியை நன்கு உணர்ந்தனர். 1970களின் பிற்பகுதியிலே தன்சானியாவிலே பணியாற்றிய கரெல் ஸ்ரிப்லோ என்னும் வைத்தியர் ஒழுங்குபடுத்திய முறையிலே, ஒரு காலாண்டிலே பதியப்பட்ட நோயாளர் ஒருவர் தவறாமல் அனைவருக்கும் முடிவு எழுதப்பட வேண்டும். சுகமானவர், சிகிச்சையை முடித்தவர், இறந்தவர், பலிக்காதவர், இடையிலே நின்றவர், வேறிடம் மாறியவர் என்று. காணாமற் போனவரைக் கணக்கிலிருந்து வெட்டிவிட அம்முறை இடங்கொடாது. அவர் கீழெண்ணிலே நின்றுகொண்டு வெற்றியைக் குறைத்துக்கொண்டே இருப்பார். அவரைத் தேடிப் போகச் செய்வது அந்தக் குறைதான். இம்முறையையே பின்னர் உலக சுகாதார நிறுவனம் நாடுகள்தோறும் பரப்பியது.

அதற்கும் முன்னரே நமக்கு அண்மையிலுள்ள சென்னையிலே ஓர் அரிய சோதனை நடந்தது. 1956 இல் அங்கே சயரோக ஆராய்ச்சி நிலையமொன்று அமைக்கப்பட்டது. வறிய குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளர் தெரிந்தெடுக்கப்பட்டு, ஒரு பகுதியினர் சானடோரியத்திலும் மற்றப் பகுதியினர் தத்தம் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்தைப் பெற்றனர். நெரிசலான வீடு, குறைந்த உணவு, கிடைக்காத ஓய்வு. வீட்டிலிருந்தோர் தோற்பர் என்று பலரும் எண்ணியிருப்பர். 1959 இல் வெளிவந்த முடிவு, இரு பகுதியாரும் ஏறக்குறைய ஒரே அளவிலே நன்மை பெற்றனர் என்று காட்டியது. உலகமெங்கும் சானடோரியக் கட்டில்கள் வெறுமையானதற்கு இச்சோதனையும் ஒரு காரணம். நாம் கவனிக்கவேண்டியது, அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதே. மருந்தைக் கையிலே கொடுத்து, "போய்வாரும்" என்று அவர்கள் விட்டுவிடவில்லை. சொல்லாமற் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிஞ்சிய குளிசைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிற்றா என்று பார்த்தனர், வீட்டாரையும் சோதித்தனர், பின்னர் ஐந்தாண்டுவரை தொடர்ந்து பார்த்தனர்.

சரி, இவ்வளவு பாடு இல்லாமல் இலகுவான ஓர் எண் இல்லையா என்று கேட்கலாம். அமெரிக்கர் ஒன்றைக் கண்டனர்: வீடு சென்றவர்களிலே 30 நாட்களுக்குள் மீண்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்தோர் எத்தனை பேர்? 2009 இல் ஸ்ரீபன் ஜெங்ஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, முதியோர்க்கான அரசாங்கக் காப்புறுதியின் கீழ் 2003, 2004 ஆம் ஆண்டுகளிலே வெளியேறிய சுமார் 1 கோடி 18 இலட்சம் பேரை ஆராய்ந்தது. 100 க்கு 19.6 பேர் 30 நாட்களுக்குள் திரும்பி வந்திருந்தனர். மருந்துச் சிகிச்சை பெற்று வீடு சென்று அவ்வாறு திரும்பியவர்களிலே ஏறக்குறைய அரைவாசிப்பேர், இடையிலே ஒரு வைத்தியரைத்தானும் கண்டதற்கான கட்டணச்சீட்டு இல்லாதவர்கள். பணமும் கருவியும் நிறைந்த நாட்டிலே வாசற்படிக்கும் வீட்டுக்கும் நடுவே இப்படி ஒரு பாழ்வெளி கிடந்தது.

உடனே சட்டம் வந்தது. 2012 ஒக்டோபர் முதல், மாரடைப்பு, இருதயத் தளர்ச்சி, நியூமோனியா ஆகிய நோய்களிலே எதிர்பார்த்ததிலும் கூடுதலானோர் திரும்பி வரும் வைத்தியசாலைக்குக் கொடுப்பனவு குறைக்கப்பட்டது. திரும்பி வருவோர் தொகை இறங்கியது. ஆனால் திரும்பி வந்தவரை அனுமதிக்காமல் "பார்வையிலே வைத்திருக்கிறோம்" என்று ஒரு பக்கத்திலே கிடத்தி அனுப்பும் வழக்கமும் கூடியது. அப்படிக் கிடந்தவர் கணக்கிலே வரமாட்டார். இருதயத் தளர்ச்சி நோயாளரிலே வெளியேறிய பின்னர் நேர்ந்த மரணங்கள் கூடினவென்று 2018 இல் ஓர் ஆய்வு சொல்லியது. வேறு ஆய்வாளர் அதை மறுத்தனர். அவ்வழக்கிலே தீர்ப்புக் கூற எமக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும் எண் படிப்பவருக்குத் தெளிவு: வீட்டிலே இறந்தவர் திரும்பி வருவதில்லை, ஆகவே இந்த ஓரெண்ணை மாத்திரம் பார்ப்பவருக்கு அவரது மரணம் குறையாகத் தோன்றாது.

ஆகையால் நோயாளரையே கேட்பதும் வேண்டும். கொலராடோப் பல்கலைக்கழகத்து எரிக் கோல்மன் குழுவினர் ஆக்கிய அளவுகோலின் சுருக்க வடிவிலே மூன்றே விடயங்கள் உள. வீட்டிலே என்ன கவனிப்பு வேண்டுமென்று முடிவு செய்கையிலே உமது விருப்பத்தையும் வீட்டார் விருப்பத்தையும் கணக்கிலெடுத்தார்களா? உமது உடம்பைப் பார்த்துக்கொள்வதிலே உமக்குரிய பொறுப்புக்கள் எவையென்று விளங்கிக்கொண்டு வெளியேறினீரா? ஒவ்வொரு மருந்தும் எதற்கென்று தெளிவாக விளங்கிற்றா? மூன்றும் சிறு பிள்ளை கேட்கத்தக்க கேள்விகள்.

இக்கேள்விகளை நமதூரிலே கேட்டுப் பார்ப்போம். எமக்கு உறவான முதியவர் ஒருவர் இருதயத் தளர்ச்சியாற் படுத்துத் துண்டு வெட்டி வந்தார். ஆஸ்பத்திரியிலே நல்ல கவனிப்பு. அவரே வாயாரப் புகழ்ந்தார். கையிலே கொடுத்த நோய்நிர்ணய அட்டை ஆங்கிலத்திலே, அதுவும் அவசரக் கையெழுத்திலே. அதைச் சாமிப்படத்துக்குப் பின்னாலே பத்திரமாகச் செருகிவைத்தார். நீர்க்குளிசை போட்டால் இரவிலே அடிக்கடி எழும்ப வேண்டியிருக்கிறதென்று அதை நிறுத்தினார். காலையிலே போடும் குளிசையை இரவிலே போட்டதனால் வந்த வினை அது என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. ஒவ்வொரு காலையும் நிறை பார்க்க வேண்டும், சில நாட்களுக்குள் இரண்டு கிலோ கூடினால் நீர் தேங்குகிறது என்று பொருள், உடனே வைத்தியரிடம் போக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது. பதினேழாம் நாள் மூச்சுவிட முடியாமல் மீண்டும் அதே கட்டிலுக்குப் போனார். டொக்டர் கிறீன் தமிழிலே வைத்தியம் எழுதி நூற்றைம்பது ஆண்டுகள் சென்றபின், மானிப்பாய்க்கு மிகத் தொலைவில்லாத ஒரு வீட்டிலே நடந்தது இது. இதைச் சொல்வது எவரையும் பழிப்பதற்காகவன்று. அன்று அந்த வாட்டிலே தரையிலும் நோயாளர் படுத்திருந்தனர். தாதிமார் இருந்து பேச அவர்களுக்கு ஏது நேரம்?

எம்மாலே முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. பிரசவித்த தாய் வீடு வந்தால், முதற் பத்து நாட்களுக்குள் குறைந்தது இருமுறை குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நமது மிட்வைப் அம்மா, வீடு தேடி வரவேண்டுமென்பது இந்நாட்டிலே விதி. காய்ச்சல் உண்டா, இரத்தப்போக்கு உண்டா, பிள்ளை பால் குடிக்கிறதா என்று பார்த்துப் பதிகிறார். அப்பதிவுகள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலே தொகுக்கப்படுகின்றன. எத்தனை தாய்மாரை எத்தனை முறை பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கப்படுகிறது. 1926 இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்தது இது. சைக்கிளிலும் பின்னர் மோட்டார்ச் சைக்கிளிலும் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்ற அத்தாய்மாராலேதான் இலங்கையிலே பிரசவ மரணம் இவ்வளவு குறைந்தது என்றால், முழுக் காரணமும் அதுவன்றாயினும், மிகையாகாது. தாய்க்கு உண்டு, இருதய நோயாளருக்கும், பாரிசவாதம் வந்தவருக்கும், கால் விரல் வெட்டப்பட்ட நீரிழிவு நோயாளருக்கும் அவ்வாறு வாசல் தேடி வருபவர் யார்?

நம் சங்கத்திலே சைக்கிள் உள்ளவர்களும், ஆங்கிலம் வாசிக்கக் கூடியவர்களும், மாலை வேளையிலே வாசிகசாலைத் திண்ணையிலே இருப்பவர்களும் உளர். கிராமத்திலே துண்டு வெட்டி வரும் முதியோர், அவர்கள் சம்மதித்தால் மாத்திரம், மூன்றாம் நாளிலும் முப்பதாம் நாளிலும் இருவராகச் சென்று பார்க்கலாம். நாம் வைத்தியரல்லேம்; மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு சொல்லும் சொல்லலாகாது. அட்டையை வாசித்துத் தமிழிலே சொல்லலாம். விளங்காத இடத்தை வைத்தியரிடமோ தாதியிடமோ கேட்டு வரலாம். ஒவ்வொரு குளிசையும் எதற்கென்று அவரே சொல்கிறாரா, கிளினிக் திகதி தெரியுமா, போக வழியுண்டா, எந்தக் குறி கண்டால் உடனே போக வேண்டுமென்று வீட்டார் அறிவரா, இடையிலே மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று கேட்டுக் கொப்பியிலே குறிக்கலாம். பெயர்கள் சங்கத்துக்கு வெளியே போகலாகாது. ஒழுங்கையிலே கதையாகவும் கூடாது. எண்களை மட்டும் ஆறு மாதத்துக்கொருமுறை வைத்திய அதிகாரியிடம் பணிவோடு கொடுக்கலாம்.

கொப்பியிலே கடைசிப் பத்தி ஒன்று வேண்டும்: "சென்றோம், காணவில்லை." அப்பத்தியிலே எழுதப்படுபவரும் மொத்தத்திலே சேர்க்கப்பட வேண்டும். இதிலே மாத்திரம் நாம் எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

இத்திட்டத்தை இரண்டு பக்கத்திலே எழுதிச் செயலாளரிடம் ஒப்படைத்திருக்கிறோம். நம்மிடையே இளைப்பாறிய தாதியர் இருவரும் மருந்தாளர் ஒருவரும் இருக்கின்றனர். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னர் அவர்கள் அதைத் திருத்தித் தந்தால், தை மாதத்திலே ஒரு வட்டாரத்திலாவது தொடங்கலாம்.